மணி அடித்தால் எழும்ப வேண்டும்

மல்லாபூர்
12.6.2005, ஞாயிறு

இயேசு மரி சூசை துணை.

சாஹித்யாவின் அப்பா ஜெயச்சந்திரனுக்கு, ஸ்டெல்லாவின் அக்காள் லூர்துமேரி எழுதிக்கொண்டது. நானும் என் வீட்டுக்காரரும் சுகம். உங்கள் சுகத்தை நான் கேட்கவில்லை.

ஸ்டெல்லாவை மண்ணில் வைத்த அன்று, கல்லறை மண்ணைத் தொட்டு, இனி உங்களோடு வாய் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சொன்னேன். அது அப்படியே இருக்கிறது. எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து இது. பிள்ளையின் பையில் வைத்து அனுப்புகிறேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதுவும் நல்லதுதான்.

இன்று பூசை முடிந்து, மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, பிள்ளை பாயில் தூங்கினாள். எழும்பியவள் மூலையில் போய் நின்றுகொண்டாள். பாய் நனைந்திருந்தது. "என்னட்டி, தண்ணியக் கொட்டிட்டியா?" என்றேன். "பெரியம்மா, அப்பாக்கி செப்பொத்து" என்கிறாள். அப்பாவிடம் சொல்லாதே என்று தெலுங்கில். பிறகு அவளே ஒவ்வொன்றாகச் சொன்னாள். தினமும் ராத்திரி இப்படித்தானாம். விரிப்புக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் போட்டிருக்கிறீர்களாம். காலையில் வேலைக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு விரிப்பை உருவுகிறாளாம்.

ஏழு வயசுப் பிள்ளை. மூணு வயசிலேயே படுக்கை நனையாமல் எழும்பின பிள்ளை. ஸ்டெல்லா அதை ஊருக்கெல்லாம் பெருமையாகச் சொன்னவள். எப்போதிலிருந்து இது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடக்கம் முடிந்து என் மடியில் கிடந்து இந்தப் பிள்ளை என்ன சொன்னாள் என்று உங்களுக்குத் தெரியுமா? "அம்மா பிலிச்சிந்தி, அப்பா லேவலேது." அம்மா கூப்பிட்டாள், அப்பா எழும்பவில்லை. இழுப்பு வந்து மூச்சுக்குத் தவித்தவள் கூப்பிட்டிருக்கிறாள். நீங்கள் ஹாலில் ஆபீஸ் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறீர்கள். பிள்ளை பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

அவளை என்னிடம் கொடுத்துவிடுங்கள். எனக்குப் பிள்ளை இல்லை. உங்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை.

உங்களுக்கு ஒரு நாளும் நல்ல தூக்கம் வராதிருக்க மாதாவிடம் வேண்டிக்கொள்ளும்,
லூர்துமேரி


மாதாப்பூர்
19.6.2005

அன்புள்ள மதினிக்கு,

நலம். உங்கள் நலமும் அண்ணன் நலமும் அறிய ஆவல். அண்ணனுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

கடிதம் கிடைத்தது. வேலைக்காரியை மாற்றிவிட்டேன். அவள் செய்தது எனக்குத் தெரியாது.

ஒரு விஷயம் உங்களிடம் சொல்ல வேண்டும். ஜனவரியில் கம்பெனி என்னை அமெரிக்காவுக்கு அனுப்புவதாகச் சொல்கிறது. சாஹித்யாவை மலையில் ஒரு கன்னியர் போர்டிங்கில் சேர்க்கலாமென்று விசாரித்தேன். படுக்கை நனைக்கும் பிள்ளைகளை எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை கொடுத்தால் சீக்கிரம் நின்றுவிடும் என்கிறார்கள் ஆபீசில்.

வரும் சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது. அன்றும் அவள் உங்களோடு இருக்கட்டுமா? முடிந்தால் உங்களுக்குத் தெரிந்த டாக்டர் யாரிடமாவது காட்டுங்கள். என்னிடம் அவள் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

பிரார்த்தனையில் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜெயச்சந்திரன்


மல்லாபூர்
3.7.2005

இயேசு மரி சூசை துணை.

சாஹித்யாவின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். முழங்கால் வலி இருக்கிறவருக்கு இருக்கட்டும், உங்களுக்கு என்ன அதில்.

பெத்த பிள்ளையை மலையில் விட்டுவிட்டுக் கடல் தாண்டப் போகிறீர்களா. சரி. அதை அப்புறம் பார்க்கலாம்.

நாச்சாரத்தில் ஜலஜா டாக்டரம்மாவிடம் காட்டினேன். சிகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. பிள்ளையை மடியில் உட்கார வைத்துக்கொண்டு பேசினார்கள். முதலில் மூத்திரம் டெஸ்ட் பண்ணச் சொன்னார்கள். சர்க்கரை இல்லை, கிருமி இல்லை. வெளிக்கு ஒழுங்காகப் போகிறாளா என்று கேட்டார்கள். வயிறு கட்டியிருந்தால் அது மூத்திரப்பையை அழுத்துமாம், அதனாலும் நனையுமாம். பகலில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், பொழுது சாய்ந்தால் குறைக்க வேண்டும், படுக்கும் முன்னே போய்விட்டுப் படுக்க வேண்டும். "திட்டறது மட்டும் நக்கோம்மா, வேணாம். இவ வேணும்னு செய்யல. தூக்கத்துல இவளுக்குத் தெரியறதே இல்ல" என்றார்கள்.

பிறகு மருந்து. நான் நாள் முழுக்க மாத்திரைக் கம்பெனியில் அட்டை அடுக்குகிறவள், மாத்திரை என்றால் எனக்குப் பயமும் இல்லை, பக்தியும் இல்லை. அதனால் நன்றாகக் கேட்டுக்கொண்டேன்.

ராத்திரியில் மூத்திரத்தைக் குறைக்கச் சொல்லி நம் மூளையே ஒரு சரக்கு அனுப்புமாம். சில பிள்ளைகளுக்கு அது போதாது. மாத்திரை அந்தச் சரக்கைப் போல நடிக்கிறது. போட்ட ராத்திரி நனையாது. நிறுத்தினால் அநேகம் பேருக்கு மறுபடி நனையும். அதைப் போட்ட பிறகு தண்ணீர் குடிக்கவே கூடாது. குடித்தால் வெளியே போகாமல் உடம்பிலேயே தங்கி, உப்பு இறங்கி, வலிப்புகூட வருமாம். இன்னொரு பழைய மாத்திரை உண்டு, மனச்சோர்வுக்குக் கொடுப்பது. அளவு கூடினால் நெஞ்சைப் பிடிக்கும், சின்னப் பிள்ளைக்கு நான் எழுத மாட்டேன் என்று விட்டார்கள்.

அப்புறம் ஒரு மணி. சட்டைத் தோளில் தீப்பெட்டி அளவு ஒரு பெட்டி. அதிலிருந்து கம்பி ஒன்று ஜட்டிக்கு வரும், நுனியில் கிளிப். முதல் சொட்டு பட்டதும் மணி அடிக்கும். கொஞ்ச நாள் அடிக்க அடிக்க, மூத்திரப்பை நிறைந்ததும் மூளை தானாக முழிக்கப் பழகிவிடுமாம். இரண்டு மூன்று மாசம் ஆகும். ஆனால் பழகினால் பெரும்பாலும் நிற்கும்.

இதற்குப் பிறகு டாக்டரம்மா ஒன்று சொன்னார்கள். "ஆரம்பத்துல மணி அடிச்சா பிள்ளை எழும்பாதும்மா. வீடே எழும்பும், அவ தூங்குவா. அப்பாவோ அம்மாவோ எழும்பி, அவளை எழுப்பி, பாத்ரூமுக்கு நடத்திட்டுப் போகணும். அவங்க எழும்பலன்னா இந்த மணியால ஒரு பிரயோஜனமும் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு ஏன் என்று புரியவில்லை.

மாத்திரை வேண்டாம். மணிதான் வேண்டும். என் தங்கச்சி கூப்பிட்டு எழும்பாத உங்களைத் தினமும் ஒரு மணி எழுப்பட்டும். இதுதான் என் ஆசை, மறைக்கவில்லை. ஒரு பந்தயம் வைப்போம். மணி அடித்து நீங்கள் எழும்பாத அன்று பிள்ளை எனக்கு. மணி அடித்தால் எழும்பாதவர்கள் கையில் அந்தப் பிள்ளை இருக்கக் கூடாது. அவள் காய்ந்து எழும்பும் வரைக்கும் நீங்கள் எழும்பிவிட்டால், நான் வாயை மூடிக்கொள்கிறேன். மலையில் விடுங்கள், கடலில் விடுங்கள்.

மூன்று மாசம் தாங்க மாட்டீர்கள். எனக்குத் தெரியும்.

லூர்துமேரி


மாதாப்பூர்
7.8.2005

அன்புள்ள மதினிக்கு,

நலம். உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல்.

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். இங்கே அந்த மணி கிடைக்கவில்லை. என்னோடு வேலை செய்யும் ரஞ்சன் அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது வாங்கிவந்தான். பந்தயத்துக்குச் சம்மதம்.

திங்கட்கிழமை முதல் போடுகிறோம். டாக்டர் சொன்னது சரிதான், அவள் எழும்புவதில்லை. நான் தூக்கி நிறுத்தி நடத்திக்கொண்டு போகிறேன். அவளே மணியை நிறுத்த வேண்டும் என்று பெட்டியின் மேல் எழுதியிருக்கிறது. கண்ணைத் திறக்காமலே நிறுத்துகிறாள். விரிப்பை இருவருமாக மாற்றுகிறோம்.

நேற்று பாத்ரூம் வாசலில் நின்று, "அப்பா, மீரு லேச்சாரா?" என்று கேட்டாள். எழும்பிவிட்டேன் என்றேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன்.

அண்ணனுக்கு என் வணக்கம்.

ஜெயச்சந்திரன்


மல்லாபூர்
14.8.2005

இயேசு மரி சூசை துணை.

சாஹித்யாவின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டியதில்லை, நானே பார்த்துவிட்டேன். காலையில் தெருமுனையில் காரை நிறுத்திப் பிள்ளையை இறக்கிவிட்டபோது சன்னல் வழியே பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கரி பூசின மாதிரி இருக்கிறது. நன்றாக இருக்கிறது உங்களுக்கு.

ஸ்டெல்லாவின் ஆண்டுப் பூசையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கி விழுந்தீர்கள். பிரசங்கத்துக்கு நடுவில் தலை முன் பெஞ்சில் இடித்த சத்தம் சாமியாருக்கே கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "பொண்டாட்டி பூசையில தூங்குதான் பாரு" என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அந்த நற்கருணை நன்மை வாங்கினதைவிட அந்தச் சொல் இனித்தது. சேசுவே, மன்னியும். ஆனால் இனித்தது.

ஒவ்வொரு ஞாயிறும் சோறு போட்டுக்கொண்டே பிள்ளையை விசாரிக்கிறேன்.

"ஏட்டி, மணி அடிச்சுதா?"

"ஆ."

"அப்பா எழும்புனாவளா?"

"லேச்சாரு."

"மெதுவா வந்தாவளா, ஓடி வந்தாவளா?"

"ஓடி வந்து, டோர்ல கால் இடிச்சு, 'ஐயோ'ன்னு டான்ஸ் ஆடினாங்க" என்று காட்டினாள். ஒற்றைக் காலில் குதித்தாள். ஒரு வருஷம் கழித்து அந்தப் பிள்ளை சிரிக்கிறாள். நானும் சிரித்தேன், வேறு காரணத்துக்கு.

அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "ஒரு நாள் அப்பா எழும்பலன்னா பெரியம்மாகிட்ட சொல்லு. அன்னைக்கே நீ இங்க வந்துரலாம். எழும்பாத ஆள்கிட்ட நீ இருக்க வேண்டாம்." சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை தம்ளரில் இருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் ஒரு ராத்திரி தவறுவீர்கள். நான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

லூர்துமேரி


மல்லாபூர்
4.9.2005

சாஹித்யாவின் அப்பாவுக்கு,

சுகமும் கிடையாது ஒன்றும் கிடையாது.

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இன்றைக்குத் தெரிந்தது. "மணி அடிச்சுதாட்டி?" என்றால் பிள்ளை இல்லை என்று தலையாட்டுகிறாள். நனையவும் இல்லையாம். எனக்கு நம்ப முடியவில்லை. பிறகு மெதுவாகச் சொல்கிறாள், சின்ன வெள்ளை மாத்திரையாம், மணி அலமாரிக்குள்ளே இருக்கிறதாம், இந்த வாரம் அப்பாவுக்கு ஆபீசில் பெரிய வேலையாம்.

மணியின் வாயை அடைத்துவிட்டீர்கள். எழும்பக் கஷ்டமாக இருந்தால் எழுப்புகிறதைப் பூட்டி வைத்துவிட வேண்டியது. நல்ல படிப்பு.

அந்த மாத்திரை போட்டால் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று எழுதினேனே. நீங்கள் ஹாலில் கம்ப்யூட்டரோடு இருக்கும்போது அந்தப் பிள்ளை எழும்பித் தண்ணீர் குடித்தால் யார் பார்ப்பது? வலிப்பு வந்து கூப்பிட்டால் யார் கேட்பது? ஒருத்தியைக் கேட்காமல் விட்ட காது இன்னொருத்தியை மட்டும் கேட்குமா?

பந்தயத்தில் தோற்றுவிட்டீர்கள். மணியைப் பூட்டினது எழும்பாததற்குச் சமம். பிள்ளையின் துணிமணியைக் கட்டி அனுப்புங்கள். இல்லாவிட்டால் சாமியாரிடம் போவேன், உங்கள் ஆபீஸ் வாசலில் வந்து உட்காருவேன். அந்தக் கண்ணாடிக் கட்டிடத்தின் முன்னே மாரில் அடித்துக்கொண்டு ஸ்டெல்லா செத்த கதையைச் சொல்வேன். உங்களோடுதான் பேச மாட்டேன் என்று சத்தியம். உங்கள் மேனேஜரோடு பேசக் கூடாது என்று சத்தியம் இல்லை.

லூர்துமேரி


மாதாப்பூர்
11.9.2005

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் நலம் அறிய ஆவல்.

நீங்கள் எழுதியது உண்மை. டாக்டரைக் கேட்டு எழுதி வாங்கிய மாத்திரைதான், என்றாலும் அவளுக்காகக் கொடுக்கவில்லை, எனக்காகக் கொடுத்தேன். ஒரு வாரம் முழுத் தூக்கம் தூங்கினேன். இப்போது நிறுத்திவிட்டேன்.

நிறுத்தியதற்கு உங்கள் கடிதம் மட்டும் காரணமில்லை. அந்த வாரம் அவள் தூங்கவில்லை. விரிப்பு காய்ந்தே இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவை நான் பார்க்கும்போதும் விழித்திருந்தாள். மணி எங்கே என்று கேட்டாள். அலமாரியில் என்றேன். "அப்ப நீங்க எப்படி எழும்புவீங்க?" என்றாள்.

மணியை மறுபடி மாட்டிவிட்டேன். தோற்றேன் என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் தவணை கொடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். அமெரிக்கா போகவில்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டேன். போர்டிங்கும் இல்லை.

ஜெயச்சந்திரன்


மல்லாபூர்
2.10.2005

இயேசு மரி சூசை துணை.

சாஹித்யாவின் அப்பாவுக்கு,

இங்கே சுகம்.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். நடுவில் விட்டதனால் முதலிலிருந்து தொடங்கின மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதைக் கேட்டு என் கோபம் கொஞ்சம் ஆறியது. ஏனென்றால் உங்களுக்கு எழும்ப வேண்டிய ராத்திரிகள் கூடிவிட்டன. அதற்காகத்தான் தவணை. அமெரிக்கா போகாததற்கு அல்ல.

பிள்ளை முகம் தெளிந்திருக்கிறது. தலை ஒழுங்காகப் பின்னியிருக்கிறது. யார் பின்னினது என்று கேட்டேன், அப்பா என்றாள். கோணலாக இருக்கிறது என்று அவிழ்த்துப் பின்னிவிட்டேன்.

ஆனால் மணி இன்னும் தினமும் அடிக்கிறது என்கிறாள். இத்தனை நாளாகியும் காயவில்லையா? நீங்கள் ஒழுங்காக நடத்திக்கொண்டு போகவில்லை, அதுதான். ஆம்பிளை எழுப்புகிற எழுப்பு அவ்வளவுதான். ஒரு ராத்திரி நான் எழுப்பிப் பார்க்கிறேன். தசரா லீவில் சனிக்கிழமை அவளை இங்கே தங்க விடுங்கள், மணியோடு. என் வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட். நானும் பிள்ளையும் மட்டும்தான். ஒரு பெண் எப்படி எழும்புவாள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியட்டும். பிறகு அவள் யாரோடு இருக்க வேண்டும் என்று அவளே சொல்லட்டும்.

லூர்துமேரி


மாதாப்பூர்
9.10.2005

அன்புள்ள மதினிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

சனிக்கிழமை கொண்டுவந்து விடுகிறேன். மணிக்குப் புது பேட்டரி போட்டிருக்கிறேன்.

ஆம், தினமும் அடிக்கிறது. தினமும் எழும்புகிறேன். அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். மணி அடித்தால் எழும்பிவிடுங்கள். எழும்ப அவசியமில்லை என்று உங்களுக்குத் தோன்றினாலும் எழும்பிவிடுங்கள்.

ஜெயச்சந்திரன்


மல்லாபூர்
17.10.2005, திங்கள்

இயேசு மரி சூசை துணை.

ஜெயச்சந்திரனுக்கு, லூர்துமேரி எழுதுவது.

நாங்கள் சுகம். பிள்ளை சுகமாக வந்து சேர்ந்திருப்பாள். இதைப் பிள்ளையின் பையில் வைக்கவில்லை, தபாலில் போடுகிறேன். நேற்று எழுத முடியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை கம்பெனியில் ஆள் வரவில்லை என்று எனக்கு இரண்டு ஷிப்ட் வேலை கொடுத்துவிட்டார்கள். பிள்ளை வருகிறாள், மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சாயந்திரம்தானே வருகிறாள் என்று நின்றேன். வந்து கோழி வைத்து, பிள்ளைக்கு ஊட்டி, மணியை மாட்டி, பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டேன். தலை சாய்த்ததுதான் தெரியும்.

விடிந்து வாசல் தெளிக்கப் போனால் பக்கத்து வீட்டு சபீனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "என்னக்கா, ராத்திரி அவ்ளோ நேரம் கண்டா அடிக்குது, உன் வீட்டு மணி, நீ எழுந்துக்கவே இல்ல? எங்க வீட்ல குழந்தைங்கள்லாம் எழுந்து உக்காந்துச்சுங்க. செவுத்த தட்டினேன், உன் பேரு சொல்லிக் கூப்பிட்டேன். ஹவ், செத்துட்டியான்னு பயந்துட்டேன்."

எனக்குக் கையில் இருந்த வாளி கீழே விழுந்தது.

உள்ளே ஓடினேன். பிள்ளை உட்கார்ந்திருந்தாள். விரிப்பைத் தடவினேன், காய்ந்திருந்தது. ஜட்டியைத் தொட்டுப் பார்த்தேன், அதுவும் காய்ந்திருந்தது. தலைமாட்டில் தண்ணீர்த் தம்ளர். மணியின் கம்பி அதற்குள்ளே கிடந்தது. கிளிப் தண்ணீரில் முங்கியிருந்தது.

"என்னட்டி இது?" என்றேன். ஒளிக்கவில்லை. தினமும் இப்படித்தான் என்றாள். அவள் காய்ந்து ரொம்ப நாள் ஆகிறதாம். தானே முழித்து, தானே போய்விட்டு வருகிறாளாம். வந்து படுத்து, கம்பியைத் தண்ணீரில் விடுகிறாளாம். எதற்கு என்று கேட்டேன். அப்பா எழும்புறாங்களான்னு பார்ப்பேன் என்றாள்.

உங்கள் கடிதங்களை எடுத்து வீட்டுக்காரரை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். என் கண்ணை நம்பவில்லை. மணி அடிக்கிறது என்று இருக்கிறது. எழும்புகிறேன் என்று இருக்கிறது. மாத்திரையை நிறுத்தின பிறகு, படுக்கை நனைந்தது என்று ஒரு வரிகூட இல்லை. காய்ந்த படுக்கைக்கும் நனைந்த படுக்கைக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் இல்லை நீங்கள், விரிப்பை மாற்றுகிறவர் நீங்கள்தான். அப்படியென்றால் தெரிந்துகொண்டே எழும்பியிருக்கிறீர்கள். பிள்ளை காய்ந்துவிட்டாள், ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு வரி எழுதினால் நான் வாயடைத்துப் போயிருப்பேன். எழுதவில்லை.

எனக்கு இதில் கோபம்தான் முதலில் வந்தது. ஜெயித்ததைக்கூடச் சொல்லாமல் என்னைத் தோற்க விட்டீர்களே என்று.

பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "பரவாலேது பெரியம்மா" என்று என் முழங்காலைத் தடவினாள். அப்புறம் கேட்டாள்.

"மீரு கூடா லேவலேது. இப்புடு நேனு எவரி தக்கர உண்டாலி?"

நீங்களும் எழும்பவில்லை, இப்போது நான் யாரிடம் இருக்க வேண்டும் என்று கேட்கிறாள். குறை சொல்லிக் கேட்கவில்லை. எழும்பாத ஆளிடம் இருக்க வேண்டாம் என்று சோறு போட்டுச் சோறு போட்டு நான் சொன்னேனே, அதை வைத்துக் கணக்குப் போட்டுக் கேட்கிறாள். ஒரு நாள் அப்பா எழும்பவில்லை. இன்றைக்குப் பெரியம்மா எழும்பவில்லை. இனி யார் மிச்சம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை.

அப்பாகிட்டதான் இருக்கணும் என்று சொன்னேன். அப்பா எழும்புறாவல்லா, அப்பாகிட்டயே இரு என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று உங்களுக்குத் தெரியாது.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஸ்டெல்லா கூப்பிட்டாள், நீங்கள் எழும்பவில்லை. அது அப்படியேதான் இருக்கிறது, நான் சாகும்வரைக்கும் இருக்கும். ஆனால் நான் எழும்பாத ராத்திரியும் அதற்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் அதைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன், போக மாட்டேன் என்கிறது.

மணியைக் கழற்றிவிடாதீர்கள். டாக்டரம்மா கழற்றலாம் என்றாலும் கழற்ற வேண்டாம். அவளாக வேண்டாம் என்று சொல்கிற வரைக்கும் தம்ளரில் தண்ணீர் வையுங்கள்.

கல்லறைத் திருநாள் புதன்கிழமை வருகிறது. போன வருஷம் நான் ஸ்டெல்லாவிடம் இருந்து திரும்பும் வரைக்கும் நீங்கள் மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றீர்கள், நான்தான் என் வீட்டுக்காரரிடம் சொல்லி உங்களை நிற்க வைத்தேன். இந்த வருஷம் பிள்ளையோடு உள்ளே வாருங்கள். நான் பேச மாட்டேன். சத்தியம் சத்தியம்தான். பூவுக்கும் மெழுகுவர்த்திக்கும் நடுவில் நில்லுங்கள், முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கள். சோறு போடப் பேச்சு வேண்டாம்.

ராத்திரி எழும்புகிறவருக்கு மத்தியானம் கொஞ்சம் கண்ணயர இடம் வேண்டும். பாய் காய்ந்துதான் இருக்கிறது. அன்றைக்கு நான் முழித்திருக்கிறேன்.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

லூர்துமேரி